தெரியேல்லையோ, இல்லையோ

கமலேஸ்வரிக்கு அதற்கு முன்னர் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. அதனால் மூன்றாவது தங்கியதும் கப்பல்துறை மருத்துவமாது, மூன்று மாதம் முடிந்தவுடன் ரவுனுக்கு, பட்டணத்துக்கு, போய் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். பிள்ளையின் இதயம் துடிக்கிறதா என்று அறியத்தான். கையைப் பற்றியோ காலைப் பற்றியோ யாரும் யோசிக்கவில்லை.

சமாதான ஒப்பந்தம் பேருக்கு மட்டும் மிஞ்சியிருந்த வருடம் அது. கண்டி வீதியில் ஆளில்லாமல் கிடந்த காவலரண்களில் திரும்பவும் மணல்மூட்டை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கமலேஸ்வரி சீனக்குடாச் சந்தியில் ஒரு கொமியூனிக்கேசன் கடையில் வேலை செய்தாள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு போனில் கதைக்க வருகிறவர்களுக்கு நம்பரை எடுத்துக் கொடுப்பதும், பெட்டிக்குள் நின்று அவர்கள் போடும் கூச்சலைக் கேட்காதவள்போல் இருப்பதும் அவள் வேலை. கணவன் தவராசா கிண்ணியாப் பாதையில் இயந்திரம் ஓட்டினான். ஆட்களையும் சைக்கிள்களையும் லொறிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வரும் இரும்புத் தட்டைத்தான் அங்கே எல்லோரும் பாதை என்பார்கள்.

ஸ்கான் எடுத்தவர் கண்டியிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வரும் சிங்கள டொக்டர். அவருக்குத் தமிழ் வராது. பல்கீஸ் என்ற நேர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பாள். பல்கீஸ் கிண்ணியாக்காரி. தினமும் தவராசாவின் பாதையில்தான் வந்து போகிறவள், அதனால் முகம் பழக்கம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. டொக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பித் துடிக்கிற ஒரு புள்ளியைக் காட்டினார்.

"அதுவோ?" என்று தவராசா குனிந்தான்.

"அதுதான் அண்ணே இதயம்," என்றாள் பல்கீஸ்.

கமலேஸ்வரி அழத் தொடங்கினாள். முந்திய இரண்டிலும் அந்தத் துடிப்பை அவள் கண்டதேயில்லை. பிறகு தலை தெரிந்தது. முதுகெலும்பு மணிமாலைபோலத் தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. விரல்களை விரித்து, தண்ணீருக்குள் எதையோ விலக்குவதுபோல அசைந்தது. தவராசா தன்னை மறந்து அந்தக் கைக்குத் தன் கையை ஆட்டினான். பல்கீஸ் சிரித்தாள்.

அதற்குப் பிறகு டொக்டர் பேசவில்லை. கருவியை அழுத்தினார், சரித்தார். அவளை இடப்பக்கம் திரும்பச் சொன்னார், இருமச் சொன்னார், எழும்பி நடந்துவிட்டு வந்து படுக்கச் சொன்னார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் பல்கீஸிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார்.

பல்கீஸ் அவளிடம் குனிந்தாள். "இடது கை அக்கா..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "முழங்கைக்குக் கீழ இல்லையாம்," என்றாள்.

"இல்லையெண்டா?"

டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். மூன்று கிழமை கழித்து வரட்டுமாம், அப்போது பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருக்குமாம் என்றாள் பல்கீஸ். அதற்குள் அடுத்த கர்ப்பிணி கதவடியில் வந்து நின்றுவிட்டாள். வயிற்றில் பூசியிருந்த ஸ்கான் களியைத் துடைத்துக்கொண்டு கமலேஸ்வரி எழும்பினாள்.

இருவரும் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். உப்புவெளிப் பக்கமோ எங்கேயோ போகவேண்டிய பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்றுகூடக் கமலேஸ்வரிக்கு ஒருமுறை தோன்றியது. வெளியே பார்த்தாள். பழகிய வீதிதான்.

"அவர் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றான் தவராசா திடீரென்று. "'பேன்னெ நே' எண்டுதான் சொன்னவர். தெரியேல்லை எண்டு அர்த்தம். நான் தினம் கேக்கிற சிங்களம்தானே."

"எனக்கு 'நே' எண்டு கேட்டது. அது எனக்கும் தெரியும். இல்லையெண்டுதான் அர்த்தம்."

"முன்னால 'பேன்னெ' இருந்தது."

"பல்கீஸ் இல்லையெண்டுதானே சொன்னவ?"

"அவ அவசரத்தில சொல்லியிருப்பா. பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால வைச்சிருந்தா எப்பிடித் தெரியும்?"

"தெரியேல்லை எண்டா அவர் ஏன் என்ர முகத்தைப் பாக்கேல்லை?"

டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்க்காததைத் தவராசாவும் கண்டிருந்தான். ஆனால் அவன் காதால் கேட்டது கேட்டதுதான். கமலேஸ்வரிக்கும் அப்படியே. ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து வந்த சொல்லை இருவரும் இரண்டாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பாதையில் பல்கீஸ் ஏறியதும் தவராசா இயந்திரத்தை உதவியாளிடம் விட்டுவிட்டு அவளிடம் போனான். டொக்டர் சொன்னதை அப்படியே, சிங்களத்திலேயே சொல்லச் சொன்னான்.

பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தாள். "'அத பேன்னெ நே', கை தெரியேல்லை எண்டாரா, 'அத நே', கை இல்லை எண்டாரா... அண்ணே, அல்லாஹ்மேல ஆணையா எனக்கு இப்ப ஞாபகமில்ல. அவரு முகத்தப் பாத்துத்தான் நான் இல்லையெண்டு விளங்கினன். ஒரு நாளைக்கு எத்தினை பேருக்குச் சொல்றன். அடுத்த முறை வரக்க நானே கேட்டுத் தெளிவாச் சொல்றன்."

"அடுத்த முறைவரைக்கும் நாங்கள் என்னெண்டு இருக்கிறது?"

"அல்லாஹ்ட்ட துஆ செய்றன் அண்ணே," என்றாள் அவள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. தவராசாவுக்கு அவளைத் திட்டவும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. இயந்திரத்தடிக்குத் திரும்பினான்.

அவர்களுடைய வளவிலேயே தனி வீட்டில் இருந்தவள் தவராசாவின் தமக்கை அன்னலட்சுமி. கணவனை இழந்தவள். தம்பியின் வீட்டு அலுவல் எதுவும் தன்னைக் கேளாமல் நடக்கக்கூடாது என்று நினைக்கிறவள். ஆனால் கமலேஸ்வரிக்கு இரண்டு தரமும் கரு கலைந்தபோது இரவும் பகலும் கூட இருந்து பார்த்தவளும் அவள்தான். விசயத்தைக் கேட்டதும் முதலில் காரணம் தேடினாள்.

"முதல் மாதம் காய்ச்சலெண்டு குளிசை போட்டனியெல்லே? அந்தக் குளிசைதான்."

"அது பனடோல் மச்சாள்."

"அப்ப கடைக்குப் பக்கத்தில குண்டு வெடிச்சபோது விழுந்தனியே?"

"விழேல்லை. குந்தினனான்."

"ஏதோ ஒண்டு நடந்திருக்கு. ஒண்டும் நடக்காமல் ஒரு பிள்ளைக்குக் கை எப்பிடி இல்லாமல் போகும்?"

இரண்டு நாள் கழித்து அவள் தம்பியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கதைத்தாள். ரவுனில் ஒரு பெண் இருக்கிறாளாம். முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவளாம். கருவைச் சுத்தமாகக் கலைத்துவிடுவாளாம். நாள் போனால் அவளும் ஏலாது என்பாளாம். பெண் பிள்ளையாக இருந்தால் யார் கட்டுவான், ஆண் பிள்ளையாக இருந்தால் ஒற்றைக் கையோடு சோதனைச் சாவடியில் நின்றால் குண்டு கட்டப்போய்க் கையை இழந்தவன் என்று பிடித்துக்கொண்டு போகமாட்டார்களா? அந்தக் கடைசிக் கேள்வி தவராசாவைப் பிடித்துக்கொண்டது. வேறு எந்த நாட்டில் ஒரு தகப்பன் இதை யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்தான். ஆனால் அவன் இருந்தது இந்த நாட்டில்தான்.

கமலேஸ்வரியிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஒருக்கா ரவுனுக்குப் போய் ஒரு மனுசியிட்டைக் காட்டுவம்," என்று மட்டும் சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கிணற்றடிக் கதை அவள் சமைக்கும் குசினிக்குக் கேட்கும் தூரம்தான். எழும்பிச் சேலையை மாற்றினாள். தான் போவதற்குச் சம்மதித்துவிட்டாளா, அல்லது போய்ப் பார்க்கத்தான் போகிறாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அந்த வீடு கடற்கரையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கதவைத் திறந்தவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மூக்குக்கண்ணாடி போட்ட பெண். மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

"இது சட்டப்படி செய்யக்கூடாத வேலை. தெரியும்தானே?"

"ஓம்," என்றான் தவராசா.

"பிள்ளைக்கு என்ன?"

"கை இல்லை," என்றாள் கமலேஸ்வரி.

"கை தெரியேல்லை," என்றான் தவராசா, அதே நேரத்தில்.

அந்தப் பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இல்லையோ, தெரியேல்லையோ?"

"தெரியேல்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர்," என்றான் தவராசா.

"இல்லையெண்டு சொன்னவர். நான் கேட்டனான்," என்றாள் கமலேஸ்வரி.

"கமலா, நான் பஸ்ஸிலேயே சொன்னனான்—"

"நீங்கள் சொன்னாப்போல எனக்குக் கேட்டது மாறுமோ?"

"சரி, இல்லையெண்டே வைப்பம்," என்று அந்தப் பெண் குறுக்கிட்டாள். "பிள்ளை வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும்," என்றாள் கமலேஸ்வரி. சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது தன் காதில் விழுந்தது.

தவராசா அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பெண் எழும்பினாள். "முதல்ல ரெண்டு பேரும் ஒரு கதைக்கு வாங்கோ. பேந்து என்னட்டை வாங்கோ. வராமல் விட்டால் இன்னும் நல்லம்." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒழுங்கை முனைக்கு வந்ததும் தவராசா கேட்டான்: "நீ ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? கை இருக்குமெண்டு நம்புற ஆள் என்னத்துக்கு என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"இல்லையெண்டு நம்புற நீ என்னத்துக்கு வேணுமெண்டனீ?"

வீதிக்கு வந்தார்கள். வெயில் சுட்டது. ஒரு தேநீர்க் கடையில் ஏறி ஆளுக்கொரு பிளேன்ரீ வாங்கிக் குடித்தார்கள். தவராசா கவனமில்லாமல் தேநீரைச் சேட்டில் ஊற்றிக்கொண்டான். கமலேஸ்வரி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கோபத்தோடுதான் துடைத்தாள், ஆனால் துடைத்தாள்.

இரண்டாம் தரம் டொக்டரிடம் போகவேண்டிய சனிக்கிழமை அவர்கள் போகவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னம் ரவுனில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்து, ஊரடங்கு வந்தது. கொமியூனிக்கேசன் கடை மூடிவிட்டது. கண்டி வீதியால் ஆட்கள் மூட்டை முடிச்சோடு போனார்கள், வந்தார்கள், திரும்பவும் போனார்கள். கண்டி டொக்டர் வருவதை நிறுத்திவிட்டார் என்று பல்கீஸ் சொன்னாள். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் ரவுனில் புதிதாகத் திறந்திருந்த இன்னொரு இடத்தைப் பற்றி அன்னலட்சுமி கேள்விப்பட்டு வந்தாள். தமிழ் டொக்டராம். "சிங்களமும் வேண்டாம், இங்கிலீசும் வேண்டாம். கேட்டது கேட்டபடி விளங்கும்," என்றாள்.

இந்தத் தரம் மூவரும் போனார்கள். டொக்டர் இளவயதுப் பெடியன். வெளியே ஆட்கள் நிறைந்திருந்தார்கள்; மின்சாரம் எப்போது நிற்குமோ என்ற அவசரம். கமலேஸ்வரி படுத்தபடியே சொன்னாள்: "டொக்டர், இடது கையைப் பாருங்கோ. இல்லையெண்டு முதல் சொன்னவை."

அவர் பார்த்தார். பிள்ளை புரண்டுகொண்டிருந்தது. "இஞ்ச ஒரு கை. தெரியுதோ? இந்தா, இது மற்றக் கை. ரெண்டும் இருக்கு அம்மா. ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

அன்னலட்சுமி அந்த இடத்திலேயே கைகூப்பி அழுதாள். வரும் வழியில் பத்திரகாளி கோயிலில் தேங்காய் உடைத்தாள். தவராசா, "நான் அண்டைக்கே சொன்னனான், பேன்னெ நே எண்டு," என்று பஸ்ஸில் பக்கத்திலிருந்த தெரியாத மனிதருக்குக்கூடச் சொன்னான். அந்த மனிதர் தலையாட்டினார்.

கமலேஸ்வரிக்கு மட்டும் மகிழ்ச்சி வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்தாள். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, இப்போது வரும் என்று நினைத்தாள். இத்தனை நாளும் ஒற்றைக் கைப் பிள்ளையோடுதான் அவள் மனதுக்குள் கதைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு எப்படிச் சட்டை போடுவது, எந்தப் பக்கத்தில் வைத்துப் பால் கொடுப்பது என்றெல்லாம் யோசித்திருந்தாள். இப்போது அந்தப் பிள்ளை எங்கே? இரண்டு கைப் பிள்ளை வேறு யாருடையதோபோல இருந்தது. இப்படி நினைக்கிற தாய்க்கு என்ன பேர் என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை அசையத் தொடங்கியது. ஒரு நாள் பின்னேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தவராசாவிடம் கேட்டாள்: "இப்ப இடிச்சது எந்தக் கை?"

"கால்," என்றான் அவன் சிரித்துக்கொண்டு. அவள் சிரிக்காததைக் கண்டு அவனும் நிறுத்தினான். "இன்னும் அதையே யோசிக்கிறியோ? தமிழில சொன்னதும் உனக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது. ரெண்டும் விளங்கினது. அதுதான் பிரச்சினை."

ஆடி மாதம் கண்டி டொக்டர் வந்துவிட்டார் என்று பல்கீஸ் பாதையில் வைத்துச் சொன்னாள். தவராசாவுக்குப் போக விருப்பமில்லை. நல்லது கேட்டாயிற்று, திரும்ப ஏன் போய்க் கிளற வேண்டும் என்றான். கமலேஸ்வரி தான் தனியே போவதாகச் சொன்னாள். அதனால் அவனும் போனான்.

இந்த முறை பல்கீஸ் டொக்டருக்கு முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தாள். அவர் அவசரப்படவில்லை. முதலில் வலது கையைக் கண்டுபிடித்து, தோளிலிருந்து விரல்வரை காட்டினார். பிறகு மற்றத் தோளுக்குப் போனார். மேற்கை தெரிந்தது. முழங்கை மடிந்து நீண்டது. அதற்குக் கீழே கொஞ்சத் தூரம் வந்து எலும்பு முடிந்தது. அங்கே நிறுத்தி, பிள்ளை திரும்பும்வரை காத்திருந்து, இன்னொரு பக்கத்தாலும் அதையே காட்டினார். பிறகு தன்னுடைய இடது கையை நீட்டி, சேட்டை மடித்துவிட்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே வலது கையின் ஓரத்தால் ஒரு கோடு கிழித்தார். பல்கீஸ் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப மற்ற டொக்டர் ரெண்டு கையெண்டாரே?" என்றான் தவராசா. அவன் குரல் உயர்ந்துவிட்டது.

டொக்டர் சொன்னதைப் பல்கீஸ் ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள். "பிள்ளை புரளக்க ஒரே கையை ரெண்டு தரம் காண்றது நடக்குமாம். இது லேசா பிழைக்கிற வேலையாம். அவரையும் குறை சொல்ல ஏலாதாம். முதல் தரம் இவருக்கும் நிச்சயம் இல்லையாம், அதனாலதான் திரும்ப வரச் சொன்னாராம்."

"அப்ப அண்டைக்கு என்ன சொன்னவர்? தெரியேல்லை எண்டோ, இல்லையெண்டோ?"

பல்கீஸ் கேட்டாள். டொக்டர் யோசித்தார். தோளைக் குலுக்கினார். "அவருக்கு ஞாபகமில்லையாம் அண்ணே."

தவராசா சிரித்துவிட்டான். சிரிப்பு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. கமலேஸ்வரி படுத்திருந்தபடியே கையை நீட்டி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் இதயத்தைப் பார்த்தார். நாலு அறைகளையும் தனித்தனியாகக் காட்டினார். சிறுநீரகம், முதுகு, கால்கள், உதடு எல்லாவற்றையும் பார்த்தார். கை இப்படி இருந்தால் சிலவேளை வேறு இடத்திலும் குறை இருக்கும், அதைத்தான் தேடினேன், ஒன்றும் இல்லை, நல்ல பிள்ளை என்றார்.

"ஏன் இப்பிடி வந்தது எண்டு கேளுங்கோ," என்றாள் கமலேஸ்வரி. "குளிசையாலயோ, குண்டுச் சத்தத்தாலயோ?"

"இல்லையாம். எத்தினையோ பேருக்குக் காரணமே கிடைக்கிறதில்லையாம். வளரத் தொடங்கின நாளிலயே இரத்தம் ஓடாமப் போயிருக்கலாமாம். நீங்க செஞ்ச எதுவுமில்லையாம்."

"இதையெல்லாம் அறிஞ்சு இப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் தவராசா.

டொக்டர் திரையை அணைத்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். பிறக்கிற நாளில் திடுக்கிடாமல் இருப்பீர்கள், அவ்வளவுதான் என்றார். இவ்வளவு பெரிய மெசினுக்கு இவ்வளவுதான் பதிலா என்று தவராசாவுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அன்னலட்சுமி நம்பவில்லை. தமிழ் டொக்டர் சொன்னதுதான் சரி என்று சாதித்தாள். "கடவுள் வாக்குக் குடுத்தபிறகு நீங்கள் ஏன் திரும்பப் போய்க் கேட்டனீங்கள்?" என்று கோபித்துக்கொண்டு தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆவணியில் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டது. ஷெல் சத்தம் குடாவைத் தாண்டிக் கப்பல்துறை வீட்டுக் கூரையையும் அதிரச் செய்தது. ஓடிவந்த சனங்கள் கிண்ணியாவில் நிறைந்தார்கள். தவராசா சில நாட்கள் வீட்டுக்கே வரவில்லை. பாதை ஓயாமல் ஓடியது. வந்த நாளில் குளித்துவிட்டு விறாந்தையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பிள்ளையைத் தூக்கி ஏத்தினனான்," என்றான். "பத்து வயசு வராது. சாரத்தால சுத்தியிருந்தது. தோளுக்குக் கீழ ஒண்டும் இல்லை. அதின்ர தாய் என்னைப் பாத்து, உயிர் இருக்கு தம்பி, உயிர் இருக்கு எண்டு சந்தோசமாச் சொல்லுறா. சந்தோசமா, கமலா. நான் இத்தினை நாளும் என்னத்துக்கு அழுதனான் எண்டு வெக்கமாப் போச்சு. பேந்து கோபம் வந்தது. அந்தத் தாய்க்கு அப்பிடியெண்டா, எங்கட பிள்ளைக்காக நான் அழக்கூடாதோ?"

கமலேஸ்வரி அவன் பக்கத்தில் வந்து இருந்தாள். "அழுங்கோ," என்றாள். அவன் அழவில்லை. இருந்தபடியே நித்திரையாகிவிட்டான்.

புரட்டாதி பிறந்து சில நாளில் ரவுன் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. கமலேஸ்வரி அழுகைச் சத்தத்தைக் கேட்டாள். அதற்குப் பிறகு அறை அமைதியானது. ஸ்கான் அறையில் பழகிய அந்த அமைதியை அவளால் எளிதில் அடையாளம் காண முடிந்தது. குழந்தையை ஏந்தியிருந்த பெண் மற்றவளைப் பார்த்தாள். மற்றவள் துணியை எடுத்துக் கழுத்துவரை இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"அம்மா," என்றாள் ஒருத்தி, "பெண் பிள்ளை. ஆனா ஒரு விசயம்..."

"தெரியும்," என்றாள் கமலேஸ்வரி. "இடது கை. சுத்தாமல் தாங்கோ."

அவர்கள் தந்தார்கள். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கை மடிந்தது. அதற்குக் கீழே ஒரு குட்டைத் தண்டுபோல் வந்து, நுனியில் நெல்மணியளவு சின்னச் சின்ன முளைகள் இருந்தன, விரலாக வர நினைத்து வராமல் விட்டதைப்போல. இத்தனை மாதமும் அவள் ஒரு வெட்டைத்தான் மனதில் கண்டுகொண்டிருந்தாள், டொக்டர் கிழித்த கோட்டைப்போல. இதில் வெட்டே இல்லை. தோல் பட்டுப்போல முழுதாக மூடியிருந்தது. எங்கேயும் ஒன்றும் போய்விட்டதாகத் தெரியவில்லை. அவள் தேடிவைத்திருந்த துக்கத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை. ஆனாலும் கண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வெளியே தவராசாவிடம் சிற்றூழியர் ஒருவர் வந்து, மரணச் செய்தி சொல்வதுபோல் தோளில் கைவைத்தார்.

"இடது கையோ?" என்றான் தவராசா.

அவர் திகைத்தார். "ஓம் தம்பி."

"வலது கை?"

"இருக்கு."

"இதயம்? கத்துதோ?"

"நல்லாக் கத்துது."

"அப்ப சரி," என்றான். பிறகு, சரி என்று சொன்னது சரிதானா என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் லைலா என்ற இளம்பெண் இருந்தாள். மூதூரிலிருந்து வயிற்றோடு நடந்து வந்தவள். இரண்டு நாளுக்கு முன் ஆண் குழந்தை பிறந்திருந்தது. கமலேஸ்வரி பால் கொடுக்கும்போது துணி விலகி, அந்தக் கை லைலாவின் கண்ணில் பட்டது.

"யா அல்லாஹ். ஷெல் பட்டதா அக்கா?"

"இல்லை. பிறக்கேக்கையே இப்பிடித்தான்."

"வயித்தில இருக்கக்கவா பட்டது?"

"ஒண்டும் படேல்லை தங்கச்சி. உள்ளுக்கேயே இப்பிடித்தான் வளந்தது."

"அப்ப ஆரும் செய்யல்லையா?"

"ஆரும் செய்யேல்லை."

லைலாவால் அதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவளுடைய ஊரில் அந்த மாதம் கையை இழந்த எல்லோருக்கும் ஒரு காரணக்காரன் இருந்தான். அவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுதான் சண்டை. குழந்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் கொஞ்சம் வெச்சிருக்கட்டா அக்கா?" என்று கேட்டு வாங்கித் தன் மகனுக்குப் பக்கத்தில் கிடத்திக்கொண்டாள். கமலேஸ்வரி அன்று முதல்முறையாக நன்றாக நித்திரை கொண்டாள்.

அன்னலட்சுமி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தூர நின்றுதான் பார்த்தாள். ஆனால் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்குக் காய்ச்சி அனுப்பினாள், துணி தோய்த்தாள், விறகு கொண்டுவந்து போட்டாள். பிறப்புத் துடக்குக் கழித்த அன்று குளித்து, விபூதி பூசி, ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். தமிழ் டொக்டர் சொன்ன கிழமையே ரவுனில் வாங்கி அலுமாரியில் வைத்திருந்தாளாம். இரண்டு காப்பு. வெள்ளி.

குழந்தையை மடியில் வைத்து வலது கையில் ஒன்றைப் போட்டாள். மற்றதைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே இருந்தாள். அவளுடைய விரல்கள் அந்தக் காப்பைச் சுற்றிச் சுற்றி உருட்டின. கமலேஸ்வரியைப் பார்த்தாள், தவராசாவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"இதை நான் என்ன செய்ய?" என்றாள்.

 தவராசா வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தான். கமலேஸ்வரிக்கு ஒருகணம் பெரிய கோபம் வந்தது. நம்பாமல் கதவைச் சாத்தியவளுக்கு இப்போதாவது விளங்கட்டும் என்று இருந்தது. அடுத்த கணம் அன்னலட்சுமியின் உதடு கோணுவதைக் கண்டாள். இந்தக் கையை நினைத்து அந்த மனுசி இன்னும் ஒருமுறைகூட அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னட்டை என்ன கேக்கிறியள் மச்சாள்," என்றாள். "எனக்கும் தெரியாது."

அன்னலட்சுமி குனிந்து அந்தச் சின்னக் கையை முதல்முறையாகத் தொட்டாள். குழந்தை கையை இழுத்துக்கொண்டு, பிறகு திரும்பவும் நீட்டியது. அவள் ஏங்கி அழத் தொடங்கினாள். பெரிய குரலில் அழுதாள். குழந்தையும் மிரண்டு அழுதது. இரண்டு பேரில் யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் கமலேஸ்வரி இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு இருந்தாள்.